கீயும் சரி, வேகமும் சரி. டீப் ஹவுஸ் மிக்ஸ் மட்டும் ஏன் ஒட்டுவதில்லை?

டிஜேயின் இரண்டு டெக்கிலும் 122 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 122 தட்டு. இரண்டு ட்ராக்குக்கும் கீ, அதாவது ஆதார சுரமும் ஸ்கேலும், மென்பொருளின் குறியீட்டில் 8ஏ. மென்பொருள் பச்சைக்கொடி காட்டிவிட்டது. ஒலியளவு ஃபேடரை மெல்ல ஏற்றினால் கிக் டிரம் மேல் கிக் டிரம் சரியாக உட்காருகிறது, அரை நிமிடம் எல்லாம் சுகமாகப் போகிறது. அப்புறம் புது ட்ராக்கின் கார்டுகள், சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், உள்ளே நுழைகின்றன. சுருதி பிசகிய மாதிரி ஒரு கசப்பு. அபஸ்வரம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, சரியென்று விட்டுவிடவும் மனம் வராது.

டீப் ஹவுஸ் கலக்கும் டிஜேக்களுக்கு இது பழகிய தொல்லை. திரையில் தெரியும் இரண்டு எண்களும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவை சொல்லாமல் விடும் விஷயங்கள் நிறைய. ஒரு மிக்ஸ் ஒட்டுமா ஒட்டாதா என்பதற்கு நான் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு ட்ராக்கும் சேர்ந்து ஒலிக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில், ஒரே நேரத்தில் காதில் விழும் சுரங்கள் எவை? கீயும் பிபிஎம்மும் இந்தக் கேள்விக்குத் துப்பு கொடுக்கும்; முழு விடை கொடுக்காது.

டீப் ஹவுஸில் மட்டும் இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1980களில் சிகாகோவில் ஹவுஸ் என்ற நடன இசை உருவானபோது அதன் முதுகெலும்பு டிரம் மெஷினும் டிஸ்கோவும்தான். ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்த வேர்ஹவுஸ் கிளப்பின் பெயரே சுருங்கி ஹவுஸ் ஆனது என்பார்கள். லாரி ஹெர்ட் அடிப்படையில் டிரம்மர். மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் அவர் 1986இல் வெளியிட்ட 'கேன் யூ ஃபீல் இட்' இந்த இசையை டீப் ஹவுஸ் என்ற தனி வழியில் திருப்பிவிட்டது. ஜூனோ-60 சிந்தசைசரின் மிருதுவான கார்டுகள் டிரம்மின் மேல் நீளமாகப் படர்ந்து கிடக்கும். ஜாஸிலும் சோல் இசையிலும் புழங்கும் ஏழாம், ஒன்பதாம் சுரம் சேர்த்த மைனர் கார்டுகள் ஹவுஸுக்குள் குடியேறின. பிறகு நியூ ஜெர்சியில் கெரி சாண்ட்லர், டெட்ராய்ட்டில் மூடிமேன், தியோ பாரிஷ் என்று ஒவ்வொருவரும் அதைத் தம் ஊர் வாசனையோடு நீட்டித்தார்கள்.

சாதாரண மைனர் கார்டில் மூன்று சுரம். ஒன்பதாம் சுரம் வரை அடுக்கிய மைனர் கார்டில் ஐந்து. இரண்டு ட்ராக்கில் இப்படி இரண்டு கார்டு ஒன்றின்மேல் ஒன்று ஒலித்தால் பத்து சுரங்களுக்கு வழி உண்டு. ஆக்டேவில் இருப்பதோ பன்னிரண்டு. உரசலுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டியதில்லை. போதாததற்கு நேரமும் நீளம். 122 பிபிஎம்மில் ஒரு பார், அதாவது நான்கு தட்டு, இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவு, 32 பார் 63 நொடி. ஹிப் ஹாப் டிஜே ஒரு நொடியில் வெட்டி மாற்றிவிடுவார், அவருக்குக் கீ பொருந்தாவிட்டாலும் பாதகமில்லை. வெறும் தாளமாக ஓடும் டெக்னோவில் உரசுவதற்குச் சுரமே குறைவு. டீப் ஹவுஸில் 32 பார், சில சமயம் 64 பார்கூட இரண்டும் சேர்ந்தே ஓடும். ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் கசப்பை ஆடுபவர்கள் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். காரணம் தெரியாமலேயே மது விற்கும் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

சக்கரம் சொல்வதும் சொல்லாததும்

கீ பார்த்துக் கலப்பது மென்பொருளுக்கு முந்தைய பழக்கம். வினைல் இசைத்தட்டுக் காலத்தில் கீபோர்டு வைத்து ட்ராக்கின் ஆதார சுரத்தைத் தேடிப்பிடித்து, உறையின் மேல் எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். இசைக் கோட்பாட்டில் நூற்றாண்டுகளாக இருக்கும் ஐந்தாம் சுர வட்டத்தைக் கடிகார எண்களாக மாற்றி, கேமலாட் சக்கரம் என்று பெயர் வைத்து டிஜேக்களிடம் கொண்டுசேர்த்தவர் மார்க் டேவிஸ். 2000களின் நடுவில் வந்த மிக்ஸ்ட் இன் கீ மென்பொருள் அந்த எண்களை உலகம் முழுக்கப் பரப்பியது. இன்று ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, டிராக்டர் எல்லாமே கீயைத் தாமாகக் கண்டுபிடித்துத் தருகின்றன.

சக்கரத்தின் தர்க்கம் எளிது. 1 முதல் 12 வரை எண்கள். மைனர் என்றால் ஏ, மேஜர் என்றால் பி. ஏ மைனர் 8ஏ, சி மேஜர் 8பி. ஒரே எண் என்றால் ஏழு சுரமும் ஒன்று, ஆதார சுரம் மட்டும் வேறு. ஓர் எண் தள்ளிப் போனால் ஆறு சுரம் பொது, ஒன்று மட்டும் அரைச் சுரம் நகர்ந்திருக்கும். இரண்டு எண் தள்ளினால் ஐந்து பொது. எண் விலக விலகப் பொதுச் சுரம் குறையும், உரசல் கூடும். அதனால்தான் ‘அதே எண் அல்லது பக்கத்து எண்’ என்ற விதி புதிதாகக் கற்பவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரப்படுகிறது. முதல் வடிகட்டியாக அது நல்ல விதி. என் மனத்தாங்கல், பலர் அதைக் கடைசி வடிகட்டியாகவும் வைத்துக்கொள்வதில்தான்.

ஏனென்றால் சக்கரத்துக்கு மேஜர், மைனர் என்ற இரண்டே ஜாதிதான் தெரியும். டீப் ஹவுஸ் பெரும்பாலும் அந்த இரண்டிலும் அடங்காமல் டோரியன் ஸ்கேலில் நடக்கிறது. நம் கர்நாடக சங்கீதத்தில் காது பழகியவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இயல்பான மைனர் ஸ்கேல் நடபைரவியின் சுரங்கள், டோரியன் கரகரப்ரியாவின் சுரங்கள். வித்தியாசம் தைவதத்தில் மட்டும். ஏ சுரத்தை ஷட்ஜமாக வைத்தால் நடபைரவியில் வரும் தைவதம் எஃப், கரகரப்ரியாவில் எஃப் ஷார்ப். மென்பொருள் இரண்டுக்கும் ‘ஏ மைனர், 8ஏ’ என்று முத்திரை குத்த எல்லா வாய்ப்பும் உண்டு, ஏனென்றால் அதனிடம் டோரியனுக்கு என்று தனி முத்திரை கிடையாது.

இப்போது தொடக்கத்தில் பார்த்த கசப்புக்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும் ட்ராக்கில் ஏ மைனர் ஏழும் டி ஒன்பதும் மாறிமாறி வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். டீப் ஹவுஸில் இதைவிடச் சகஜமான ஜோடி கிடையாது. டி ஒன்பதுக்குள் எஃப் ஷார்ப் இருக்கிறது. உள்ளே வரும் ட்ராக்கில் ஏ மைனரும் எஃப் மேஜரும். எஃப்பும் எஃப் ஷார்ப்பும் அரைச் சுர இடைவெளியில் ஒன்றையொன்று முட்டுகின்றன. இரண்டுமே 8ஏ, முத்திரை தவறென்று சொல்ல முடியாது, ஆனாலும் சேரவில்லை.

இதற்கு மாற்று வழி, ஆதார சுரத்தை மாற்றி அதே சுரங்களை வேறு ராகமாகப் பார்க்கும் கிரகபேதத்திலேயே இருக்கிறது. ஏ சுரத்திலிருந்து கரகரப்ரியா, ஈ சுரத்திலிருந்து நடபைரவி, இரண்டும் ஜி சுரத்துச் சங்கராபரணத்தின் பிள்ளைகள். ஏழு சுரமும் அப்படியே ஒன்று. ஆக 8ஏ என்று குறிக்கப்பட்ட டோரியன் ட்ராக், இயல்பான மைனரில் உள்ள 9ஏ ட்ராக்கோடு முழுமையாக ஒட்டும். 7ஏவோடு சேர்த்தால், அதாவது டி மைனரோடு, எஃப்பில் ஓர் உரசல், பி சுரத்தில் இன்னொன்று. விதிப்படி 7ஏவும் 9ஏவும் ஒரே தூரத்தில் இருக்கும் அண்டை வீடுகள். இந்த ட்ராக்குக்கோ ஒன்று சொந்தம், மற்றது சற்று மனஸ்தாபம் உள்ள உறவு. டோரியன் என்று காது சொல்லிவிட்டால் எண்ணை ஒன்று கூட்டி நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

அடுத்த சிக்கல் இன்னும் வேடிக்கையானது. பழைய டீப் ஹவுஸ் ட்ராக்குகள் பலவற்றில் கார்டுகளை யாரும் விரல் விரலாக வாசிக்கவில்லை. ஒரு மைனர் ஏழு கார்டை, ஒலியைப் பதிந்து திரும்ப வாசிக்கும் சாம்ப்ளரில் பிடித்து, கீபோர்டில் பரப்பி, ஒற்றை விரலால் மேலும் கீழும் நகர்த்தினார்கள். கார்டை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி கோர்க் பாலிசிக்ஸ் போன்ற சில சிந்தசைசர்களிலேயே இருந்தது. ஏ மைனர் ஏழை மூன்று அரைச் சுரம் மேலே தள்ளினால் சி மைனர் ஏழு. அதில் வரும் ஈ ஃபிளாட்டும் பி ஃபிளாட்டும் ஏ மைனர் ஸ்கேலில் கிடையாது. அந்த ட்ராக் எந்தக் கீ என்று கேட்டால் ‘எதுவுமில்லை, ஒரு கார்டு ஊர்வலம் போகிறது’ என்பதுதான் நேர்மையான பதில்.

மென்பொருளால் அப்படிச் சொல்ல முடியாது. பன்னிரண்டு சுரங்களில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒலி ஆற்றல் இருக்கிறது என்று கூட்டி, 24 கீகளின் மாதிரிகளோடு ஒப்பிட்டு, எது மிக அருகில் இருக்கிறதோ அதைச் சொல்லும் வகையில்தான் பொதுவாக இந்தக் கருவிகள் வேலை செய்கின்றன. அருகில் எதுவும் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே ட்ராக்குக்கு இரண்டு மென்பொருள் இரண்டு எண் கொடுப்பது இதனால்தான். அப்படிக் கொடுத்தால் எது சரி என்று சண்டைக்குப் போகாமல், இந்த ட்ராக்கைக் காதால் மட்டுமே நம்ப வேண்டும் என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆழத்தில் நடக்கும் சண்டை

மேலே சொன்னவை கார்டுகளின் கதை. அடிச்சுரங்களில் ஓடும் பேஸ்லைனுக்கு வேறு நியாயம். 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஏ சுரத்தையும் அதற்கு அரைச் சுரம் மேலே, ஏறக்குறைய 58.3 ஹெர்ட்ஸில் இருக்கும் பி ஃபிளாட்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், இரண்டின் வித்தியாசமான நொடிக்கு 3.3 என்ற வேகத்தில் ஒலி பெருத்துச் சிறுக்கும். பெரிய ஸ்பீக்கரில் அது வயிற்றில் தெரியும். சரி, கீ பொருத்திவிட்டோம் என்று ஒரே ஸ்கேலில் உள்ள ஏவையும் சியையும் வைத்தால்? 55க்கும் 65.4க்கும் இடையே நொடிக்குப் பத்து அதிர்வு வித்தியாசம், கரகரப்பு. நடுச் சுரங்களில் இனிமையாக இருக்கும் அதே இடைவெளி அடியில் சேறாகிவிடுகிறது. மனிதக் காது அடிச்சுரங்களைப் பிரித்துக் கேட்பதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டுவதில்லை.

ஆகவே சக்கரத்தில் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் இரண்டு பேஸ்லைனை ஒன்றாக ஓடவிடக் கூடாது. வரும் ட்ராக்கின் அடி ஒலியை ஆளும் லோ குமிழை முழுக்கக் குறைத்து வைத்து, எட்டு அல்லது பதினாறு பார் முடியும் எல்லையில் ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கிக்குக்கும் ஒரு சுரம் உண்டு, அதுவும் இந்தக் கணக்கில் சேர்த்தி. இரண்டு கிக்கும் ஒரே நேரத்தில் விழும்போது சத்தம் கூடுவதற்குப் பதில் மெலிந்துபோனால், அலைகள் ஒன்றையொன்று தின்கின்றன என்று அர்த்தம். அந்த இடத்தில் யோசிக்க நேரமில்லை, ஒரு லோவை இறக்கிவிட வேண்டியதுதான்.

வேகத்தைத் தொட்டால் சுருதியும் நகரும்

வினைலில் வேகமும் சுருதியும் ஒட்டிப்பிறந்தவை. 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடர் இருபுறமும் 8 சதவீதம் போகும். ஒரு அரைச் சுரம் என்பது ஏறக்குறைய 5.95 சதவீதம், அதை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். ஃபேடரை 1 சதவீதம் ஏற்றினால் சுருதி 17 சென்ட் ஏறும், 3 சதவீதத்துக்கு 51 சென்ட். மிக மோசமான இடம் அந்த 3 சதவீதம்தான். இரண்டு கட்டைக்கும் நடுவில், எந்தக் கீயிலும் இல்லாமல் தொங்கும் நிலை.

120 பிபிஎம் ட்ராக்கையும் 124 பிபிஎம் ட்ராக்கையும் கலக்க வேண்டும் என்று வையுங்கள். ஒன்றை மட்டும் இழுத்தால் அதிகம் கெடும், இரண்டையும் 122க்குக் கொண்டுவந்தால் பாதிப் பாதியாகப் போய்விடும் என்று தோன்றும். ஒவ்வொரு ட்ராக்கின் ஒலிக்கும் அது நல்லதுதான். ஆனால் ஒன்று 29 சென்ட் ஏறுகிறது, மற்றது 28 சென்ட் இறங்குகிறது. இடைவெளி 57 சென்ட். ஒன்றை மட்டும் 120இலிருந்து 124க்கு ஏற்றினாலும் அதே 57தான். இரண்டுக்கும் இடையிலான பிசகை முடிவு செய்வது மூல வேகங்களின் விகிதம் மட்டுமே, எங்கே சந்திக்கிறோம் என்பது அல்ல. இரண்டும் 8ஏ என்று முத்திரை இருந்தாலும், வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் கீ லாக் இல்லாமல் இந்த ஜோடி சேரவே சேராது. மறுபுறம் 120 பிபிஎம்மில் சி மைனரில் உள்ள ஒன்றை 127க்கு ஏற்றினால் சுருதி 98 சென்ட் ஏறி, நடைமுறையில் சி ஷார்ப் மைனராகிவிடும். 5ஏ என்று எழுதிவைத்தது அப்போது 12ஏ. இதைத் தெரிந்தே பயன்படுத்திக்கொள்ளும் வினைல் டிஜேக்கள் உண்டு. திரையைப் பார்த்து மட்டும் கலப்பவர் இதில் வழுக்கி விழுவார், முக்கியமாகக் கீ லாக் அணைந்திருப்பதைக் கவனிக்காதவர்.

கீ லாக் எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா? சுருதியைத் தீர்க்கும். பதிலுக்கு ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி நீட்டியோ குறுக்கியோ ஒட்டுவதால் கிக்கின் முனை மழுங்கும், பின்னணியில் நீளும் பேட் கார்டு ஒலியில் ஒரு நடுக்கம் வரும். இரண்டு சதவீதம் வரை நல்ல கருவியில் பெரும்பாலோருக்குத் தெரியாது; ஐந்து, ஆறைத் தாண்டினால் தெரியும். டீப் ஹவுஸின் அதிர்ஷ்டம், பெரும்பாலான ட்ராக்குகள் 118க்கும் 125க்கும் நடுவிலேயே குடியிருக்கின்றன. ஆகவே ஒரு சதவீதத்துக்குள் மாற்றம் என்றால் நான் கீ லாக்கை அணைத்துவிடச் சொல்வேன். 17 சென்ட் பிசகு கோரஸ் எஃபெக்ட் போட்ட மாதிரி கரைந்துவிடும், கிக்கின் அடி முழுசாகக் கிடைக்கும். அதற்கு மேல் என்றால் கீ லாக் வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல். பழைய பதிவுகளில் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸில்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சூடானால் சுருதி நகரும் அனலாக் சிந்தசைசர்கள், டேப் வேகத்தைச் சற்று மாற்றி எடுத்த பிரதிகள், சரியான வேகத்தில் சுழலாத டர்ன்டேபிளிலிருந்து மாற்றிய கோப்புகள் என்று காரணம் பல. மென்பொருள் அருகில் உள்ள கட்டைக்கு அதைச் சுருட்டிக் காட்டிவிடும். 30 சென்ட் கீழே இருக்கும் ட்ராக்கைக் கீ லாக் அதே 30 சென்ட் கீழேயே விசுவாசமாகப் பூட்டி வைக்கும்.

பிபிஎம் சொல்லாத தாளம்

பீட் மேட்சிங்கில் பிசகு எவ்வளவு பெரிது என்று பார்ப்போம். 120.0க்கும் 120.1க்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரு நிமிடத்தில் அது பீட்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிநொடி விலகிவிடும். கிக்குகள் குதிரைக் குளம்புபோல இரட்டிப்பாக விழ அதுவே தாராளம். இரண்டு ட்ராக்கின் தட்டுகளைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பொத்தான் இதைப் பார்த்துக்கொள்ளும், தட்டுகளின் இடங்களைக் குறிக்கும் பீட் கிரிட் சரியாகப் போட்டிருந்தால்.

சிங்க் பார்த்துக்கொள்ளாத ஒன்று உண்டு: ஸ்விங். 120 பிபிஎம்மில் அடுத்தடுத்த பதினாறாம் தட்டுகளுக்கு நடுவே 125 மில்லிநொடி. ஸ்விங் என்பது ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது தட்டைக் கொஞ்சம் தாமதிப்பது. ரோஜர் லின் வடிவமைத்த, 1988இல் வந்த அகாய் எம்பிசி60 என்ற தாளக் கருவி இதைச் சதவீதமாக வைக்க வசதி கொடுத்தது. நேர்தாளம் 50 சதவீதம். 58 வைத்தால் அந்தத் தட்டு 145ஆவது மில்லிநொடியில் விழும். ஒரு ட்ராக் நேராகவும் மற்றது 58இலும் ஓடினால் கிக்குகள் அத்தனையும் கச்சிதமாகச் சேரும். நடுவில் ஷேக்கரும் ஹை-ஹேட்டும் 20 மில்லிநொடி இடைவெளியில் தடதடவென்று மோதும். பிபிஎம் ஒன்று, கிரிட் ஒன்று, ஆனால் நடை வேறு. கீ பொருந்தாத மிக்ஸை விட இது எனக்கு அதிகம் உறுத்துகிறது, இதற்கு எந்த மென்பொருளும் எண் போட்டுத் தராததால் யாரும் பேசுவதும் குறைவு. கையிலிருக்கும் வைத்தியம், அடி ஒலியையும் உச்ச ஒலியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூதான்: பேஸை மாற்றிக்கொடுப்பதுபோல ஹை குமிழையும் மாற்றிக்கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ட்ராக்கின் ஹேட் மட்டும் ஆளட்டும்.

இவ்வளவும் இரண்டு ட்ராக்குக்கு நடுவில் நடப்பது. மூன்று மணி நேர செட்டில் வேறு கணக்கு சேர்ந்துகொள்கிறது. பக்கத்து எண், பக்கத்து எண் என்று மட்டுமே நகர்ந்தால் எந்த மிக்ஸும் தவறாது, அறையும் தூங்கிவிடும். அதற்காகச் சிலர் ஏழு எண் தாவச் சொல்வார்கள். 5ஏவிலிருந்து 12ஏ, அரைச் சுரம் மேலே. திடீரென்று ஆற்றல் கூடியதாகத் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் பொதுச் சுரம் இரண்டே இரண்டு; கார்டுகள் ஒரு நொடி சேர்ந்தாலும் நாறிவிடும். வெறும் டிரம் மட்டும் ஓடும் முடிவும் தொடக்கமும் உள்ள ஜோடி கிடைத்தால் செய்யலாம். டீப் ஹவுஸில் எனக்கு அது கொஞ்சம் மலிவான தந்திரமாகவே படுகிறது. இரண்டு எண் ஏறுவது, உதாரணமாக 5ஏவிலிருந்து 7ஏ, அதைவிட நாகரிகமானது. முழுச் சுரம் மேலே போகிறது, ஐந்து சுரம் பொதுவாக இருக்கிறது, பேட்களை ஃபில்டரில் மூடிவைத்துக்கொண்டால் நீளமாகவே கலக்கலாம்.

ஒரே எண்ணில் ஏவிலிருந்து பிக்குப் போவதைச் சக்கரம் மிகப் பாதுகாப்பான நகர்வாகக் காட்டும். சுரங்கள் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8ஏவிலிருந்து 8பிக்குப் போனால் ஒரு பேஸ்லைன் ஏ சுரத்தைச் சுற்றுகிறது, மற்றது சி சுரத்தைச் சுற்றுகிறது. இரண்டு வீட்டுக்கும் எஜமானர் வேறு. பேஸை மாற்றும் அந்த நொடியில் மொத்த இசையின் முகமும் மாறிவிடும். வேண்டும் என்று செய்தால் அழகு. எண் ஒன்றுதானே என்று செய்தால் ஆடுபவர்கள் தடுமாறுவது தெரியும்.

வேகத்தை ஏற்றுவது இதைவிடச் சுலபம். 118இல் தொடங்கி நள்ளிரவுக்குள் 124க்குப் போக, ஒரு மிக்ஸுக்கு அரை பிபிஎம் போதும். 120இல் அது 0.4 சதவீதம், சுருதியில் 7 சென்ட். மிக்ஸ் முடிந்து ஒற்றை ட்ராக் ஓடும்போது மெல்ல ஏற்றினால் கீ லாக் போடாமலேயே யாருக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஏற்றப்போனால் இரண்டு ஃபேடரையும் ஒருசேர நகர்த்த வேண்டும்.

வீட்டில் தயார் செய்யும்போது கீ எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள குறிப்புக் கட்டத்தில் நான் எழுதுவது நாலு விஷயம். டோரியனா இல்லையா, கார்டு ஊர்வலமா, ஹேட் நேராக ஓடுகிறதா ஸ்விங்கில் ஆடுகிறதா, தொடக்கத்தில் சுரமே இல்லாத வெறும் தாளம் எத்தனை பார். கடைசியாகச் சொன்னதைத்தான் மிக அதிகம் பார்ப்பேன். அந்தத் தொடக்கம் 32 பார் இருந்தால், முந்தைய ட்ராக்கின் கார்டுகள் ஓய்ந்த பிறகு புதியவை வரும்படி வைத்துவிடலாம். கீ எண் அப்போது எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.